பெரிசாத்தானே தெரிஞ்சது

பதினொண்ணு. சரியா எண்ணு மங்கை, அவசரப்படாதே. ஒண்ணு, ரெண்டு, ஒட்டிக்கிட்டு மூணு, நாலு, கொஞ்சம் நீளமா அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, கீழே தள்ளி ஒம்பது, பத்து, கடைசியா வால் மாதிரி வளைஞ்சு ஒண்ணு. பதினொண்ணேதான். கல் உப்பு அளவு கூட இல்ல, கல் உப்பை நசுக்கினா சிதறுமே, அந்த அளவு. வெள்ளை வெளேர்னு. நேத்து வரைக்கும் இந்தப் படத்துல இது இல்ல. சத்தியமா இல்ல, இந்தப் படத்தை நான் இருபது தடவையாவது பாத்திருப்பேன். பத்தொம்பது மாசத்துக்கு முன்னால எடுத்த படத்துல இன்னிக்குக் காலையில எப்படிப் புதுசாப் புள்ளி முளைக்கும்? படம் என்ன வெண்டைக்காயா, வச்ச இடத்துல முத்திப் போறதுக்கு? "எப்படி மேடம், படம் ஷார்ப்பா இருக்கா?" பின்னால நின்னுக்கிட்டு ஜாபர் கேக்குறாரு. கோயம்புத்தூர்லேர்ந்து விடியக்காலை பஸ் பிடிச்சு வந்து இந்தப் புது மானிட்டரை மாட்டிக் குடுத்த மனுஷன். கையில ஒரு ஃபாரம், படம் திருப்தின்னு நான் கையெழுத்துப் போட்டா கிளம்பிடுவாரு. "இருக்கு"ன்னு சொல்றேன். அடுத்த ரூம்ல பிரகாசி கெட்டில்ல தண்ணி கொதிக்க வைக்கிற சத்தம் கேக்குது. இந்த ஸ்கேன் சென்டர்ல மார்பகப் படம் எடுக்குற டெக்னீஷியன் அவதான். எடுக்குறது அவ, பாத்து ரிப்போர்ட் எழுதுறது நான். ஒம்பதரைக்கு வர்ற முதல் பொம்பளைக்காக இப்பவே ரெடி பண்ணிக்கிட்டிருக்கா. இந்தப் படம் பிரகாசியோடது. இந்தப் பதினொரு புள்ளியும் அவ இடது மார்புக்குள்ள இருக்கு. அவளுக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷம் முன்ன வரைக்கும் எனக்கும் தெரியாது.

டப்பாவைப் பிரிச்சப்போ நான் சிரிச்சேனே. "இவ்வளவுண்டுதானா? இதுக்கா ஆறு மாசமா அந்த இன்ஸ்பெக்ஷன்காரங்க உயிரை எடுத்தாங்க?"ன்னு கேட்டேன். இருபத்தோரு இஞ்சு, நிமித்தி வச்ச ஸ்லேட்டு மாதிரி. சுவத்துல பாரு நம்ம பழைய ஆளை, நாப்பத்திமூணு இஞ்சு டிவி. ஓனர் தனபாலு அதை மாட்டின அன்னிக்கு, "டாக்டரம்மாவுக்குக் கண்ணு வலிக்கவே கூடாது, தியேட்டர்ல உக்காந்த மாதிரி பாருங்க"ன்னாரு, நானும் ஈன்னு பல்லைக் காட்டினேன். அதுக்கு முன்ன பதினேழு இஞ்சுல மூக்கு உரச உரசப் பாத்துக்கிட்டிருந்தவளுக்கு அது ராஜபோகம் இல்லாம என்ன. சேரைத் தள்ளிப் போட்டு, காலை நீட்டி, ஒவ்வொருத்தி மாரும் சுவர் உயரத்துக்கு. இன்னிக்கு ஜாபர் அந்த டிவியைப் பாத்து உச்சுக் கொட்டினாரு. "மேடம், பெரிசுங்கிறது வேற, துல்லியம்ங்கிறது வேற. இந்த டிவியில மொத்தமே இருபது லட்சம் புள்ளி. சின்ன மானிட்டர் ஒண்ணுலயும் அதே இருபது லட்சம்தான் இருக்கும். ஒரு கரண்டி மாவுதான் மேடம். பெரிய கல்லுல ஊத்தித் தேய் தேய்னு தேச்சா தோசை பெரிசா வரும், ஆனா ஓட்டை ஓட்டையா இருக்கும். இது சின்னக் கல்லு, ரெண்டரைக் கரண்டி மாவு. ஊத்தப்பம்." சிரிச்சேன் அதுக்கும். "அப்போ எங்க மெஷின் எடுக்குற படத்துல?"ன்னு கேட்டேன். "அதுல ஒரு கோடிக்கு மேல." ஒரு கோடிப் புள்ளியை இருபது லட்சத்துல அடைச்சா மீதி எங்கே போகும்னு கேட்டேன், வெளையாட்டாத்தான் கேட்டேன். "டிவி என்ன பண்ணும் மேடம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளியைச் சேத்துக் குழப்பி ஒண்ணாக்கிரும். சின்னச் சின்னதுதான் மொதல்ல போகும்"னு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே ஸ்க்ரூவை முறுக்கினாரு. சின்னச் சின்னதைக் கண்டுபிடிக்கிறதுதான்யா என் பொழைப்பே. அப்புறம், "டெஸ்ட் படம் ஏதாவது திறந்து பாருங்க மேடம்"ன்னாரு. திறந்தேன்.

சரி, பதறாதே, பதறினா கண்ணு பொய் சொல்லும். முதல்ல மானிட்டர்லயே கோளாறான்னு பாரு. புதுசுல சில புள்ளி செத்துப் போய் வெள்ளையா முழிச்சுக்கிட்டு நிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்ல. மவுஸைப் பிடிச்சுப் படத்தை இடது பக்கம் இழுக்குறேன். புள்ளியும் கூடவே வருது, தாய்க்கோழி பின்னால குஞ்சு வர்ற மாதிரி ஒண்ணு விடாம. அப்போ திரையில இல்ல. கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சுப் போட்டுக்கிறேன். இருக்கு. மெஷின் தட்டுல தூசியா? தூசின்னா அதே வாரம் எடுத்த மத்த படத்துலயும் அதே இடத்துல தெரியணும். ஒண்ணைத் திறக்குறேன், சுத்தமா இருக்கு. இன்னொண்ணு. அதுவும் சுத்தம். பாவி, ஏன் இவ்வளவு சுத்தமா இருந்து தொலையிறே? பவுடர்! ஆங், பவுடர். கக்கத்துல பவுடர் அப்பிக்கிட்டு வந்தா படத்துல இப்படித்தான் பொரிப் பொரியா விழும். ஆனா பிரகாசியா? வர்ற ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் "பவுடர் போட்டிருக்கீங்களாக்கா, துடைச்சுட்டு வாங்க"ன்னு சொல்லாம அவ உள்ளேயே விடமாட்டாளே. அன்னிக்கு அவசரத்துல மறந்திருக்கலாம்ல. மறந்திரு பிரகாசி, ஒரு நாள், அந்த ஒரு நாள் மட்டும் மறந்து தொலைச்சிரு. மேலேர்ந்து எடுத்தது இந்தப் படம், பக்கவாட்டுல எடுத்தது இன்னொண்ணு இருக்கு. தோல் மேல இருக்குற பவுடர்னா அதுல உள்ளுக்குள்ள விழாது. திறக்கவா? வேண்டாம். திற. ரெண்டு தடவை தப்பான இடத்துல அமுக்குறேன். இருக்கு. உள்ளே, நல்லா உள்ளே, அதே கூட்டம், அதே வால். கடவுளே. வெள்ளைப் புள்ளியாச் சுண்ணாம்பு படியறது சாதாரணம்தான், நூறு பொம்பளையில பாதிப் பேருக்குப் படியும், உருண்டையா இருந்தா ஒண்ணும் பண்ணாது, ரத்தக்குழாயோட கோடு போட்ட மாதிரி ஓடினா ஒண்ணும் பண்ணாது. இது உருண்டையும் இல்ல கோடும் இல்ல. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம, கோணல்மாணலா, சுண்டுவிரல் நகம் அளவு இடத்துல கூடி நிக்குது. புத்துநோய் ஆரம்பிக்கிற இடத்துல இப்படி நிக்கும். இப்படி நிக்கிறதெல்லாம் புத்துநோயும் இல்ல, ஊசி போட்டு எடுத்துப் பாத்தா ஒண்ணுமில்லன்னு எத்தனை வந்திருக்கு. வந்திருக்கு, வந்திருக்கு. ஆனா அந்த வால். அந்த வாலை எனக்குப் பிடிக்கல.

பழசுக்குப் பதிலா இந்த மெஷின் வந்து இறங்கின அன்னிக்கு எடுத்தது இது. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, வடையும் கேசரியும் குடுத்தாரு தனபாலு. கம்பெனிக்காரங்க, "யாராவது ஒருத்தங்க நின்னா ஒரு படம் எடுத்துச் சரி பாத்துருவோம்"னாங்க. ரிசப்ஷன்ல இருக்குறவ காதுல வாங்காத மாதிரி போயிட்டா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அம்பது வயசு, ரேடியாலஜி டாக்டர், ஊருக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எடுங்கம்மான்னு வாய் கிழியச் சொல்றவ. நான் என்ன சொன்னேன்? "எனக்கு ரிப்போர்ட் நெறையக் கெடக்கு, அப்புறம் எடுத்துக்கிறேன்." அந்த அப்புறம் இன்னும் வரல. பயம்டீ உனக்கு, மங்கை. அடுத்தவங்க படத்தைப் பாத்துப் பாத்தே உன் படத்தைப் பாக்குற தைரியம் போச்சு. பிரகாசிதான், "நான் நிக்கிறேன் டாக்டர், கல்லா தூக்கச் சொல்றாங்க, ஒரு படம்தானே"ன்னு முன்னால வந்தா. மாரை அமுக்குற தட்டு பட்டதும் "மாதாவே, ஐஸ் கட்டி!"ன்னு உள்ளேயிருந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் வீட்டுலேர்ந்து ஒரு கெட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தா. அதுலேர்ந்து ஒவ்வொரு பொம்பளைக்கும் முன்னால வெந்நீர்ல துண்டை நனைச்சு, பிழிஞ்சு, அந்தத் தட்டைச் சூடா ஒத்தி எடுக்குறது அவ வழக்கம். யாரும் சொல்லிக் குடுக்கல. பேர் கட்டத்துல டெஸ்ட்னு அடிச்சோம். போன் நம்பர் கட்டத்தைக் காலியா விட்டோம். வருஷம் திரும்பினா எல்லாருக்கும் கம்ப்யூட்டரே மெசேஜ் அனுப்பிக் கூப்பிடும், டெஸ்ட்டை யாரு கூப்பிடுவா? பிரிண்டர் வந்தாலும் சாஃப்ட்வேர் மாத்தினாலும் டெஸ்ட் படத்தைத்தான் திறப்போம், டிவியில விரிச்சுப் போட்டு, நல்லாருக்குன்னுட்டு மூடுவோம். அவ முகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும் எனக்கு இந்தப் படம். அன்னிக்கே கேட்டா, "டாக்டர், என்னது எப்படி இருக்கு?" நான் வடையைக் கடிச்சுக்கிட்டே டிவியை அண்ணாந்து பாத்து, "உனக்கென்னடி, ஒண்ணும் இல்ல போ"ன்னேன். அவ சிலுவை போட்டுக்கிட்டா. அதுதான் நான் குடுத்த ரிப்போர்ட்டு, வாய்ல வடையோட.

"சின்னதா இருக்குன்னு யோசிக்கிறீங்களா மேடம்? எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் தோணும்." ஜாபர் இன்னும் நிக்கிறாரு. "இல்ல சார், நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் ரெண்டு படம் பாத்துட்டுப் போட்டுத் தர்றேன்." போயிட்டாரு. இப்போ ரூம்ல நானும் ரெண்டு திரையும். டிவியைப் போடுறேன், அதே படத்தை அதுல திறக்குறேன். சுவர் உயரத்துக்கு வந்து நிக்குது. புள்ளி இல்ல. பாத்தியா, இல்ல, மழமழன்னு ஒரு புகை, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நெஞ்சுல காத்து வருது. டேய் தனபாலு, உன்னைச் சும்மா விடமாட்டேன், வரவேற்பறையில மாட்ட வேண்டிய டிவியைக் கொண்டு வந்து டாக்டர் தலையில கட்டினியே, உன்னாலதான், என் மேல என்ன தப்பு, காட்டாததை நான் எப்படிப் பாப்பேன்? இதை அப்படியே சொல்லிடலாம், யாரு கேட்டாலும் சொல்லிடலாம். மூலையில சின்னதா பூதக்கண்ணாடி போட்ட பட்டன் இருக்கு. படத்தை அடைக்காம, குழப்பாம, உள்ள ஒவ்வொரு புள்ளியையும் உள்ளபடியே காட்டுற பட்டன். அமுக்கினா படம் திரையை விட்டு வெளியே வழியும், ஒரு துண்டுதான் தெரியும், துண்டு துண்டா நகத்தித்தான் முழுசையும் பாக்கணும். அதை இந்த டிவியில அமுக்கிப் பாக்கவா? வேண்டாம்டி. தெரிஞ்சுக்காதே. அமுக்குறேன். நகத்துறேன். வந்துருச்சு. கொஞ்சம் மங்கலா, ஓரம் பிசிறடிச்சு, ஆனா பதினொண்ணும் வந்துருச்சு. டிவியில. பத்தொம்பது மாசமா எந்த டிவி காட்டலன்னு சொல்ல வந்தேனோ அந்த டிவியில. ஒரே ஒரு அமுக்கு. பதினேழு இஞ்சு காலத்துல அமுக்காத நாளே கெடையாது, சின்னதாத் தெரியுதுன்னு அமுக்குவேன், எட்டுத் துண்டாப் பிரிச்சு, வயலுக்குத் தண்ணி பாச்சுற மாதிரி ஒரு மூலை விடாமப் பாப்பேன். டிவி வந்த அன்னிக்கு அந்த விரலுக்கு லீவு குடுத்துட்டேன். பெரிசாத்தானே தெரிஞ்சது. பெரிசாத் தெரியுறதை எதுக்கு இன்னும் பெரிசாக்கிப் பாக்கணும்? கிட்டத்துல பாக்குறேன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பத்தொம்பது மாசம். பத்தொம்பது மாசத்துல இந்தப் பதினொண்ணு எத்தனை ஆகியிருக்கும்? அப்படியே நிக்கலாம், சிலது வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். சிலது நிக்காது, பால் குழாய்ச் சுவரை உடைச்சுக்கிட்டு வெளியே வந்துரும், அப்புறம் கக்கத்துக்கு, அப்புறம் எலும்புக்கு. போன மாசம் தோள்பட்டை வலிக்குதுன்னாளே. தண்ணிக் கேன் தூக்கினதாலன்னு நான்தான் சொன்னேன். இடதா வலதா? எந்தத் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னா? ஞாபகம் வர மாட்டேங்குதே, யோசி, அவ கருவாட்டுக் குழம்பு டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டு, "சைவ வீட்டு டாக்டரம்மாவைக் கெடுத்து வச்சிருக்கேன், எனக்கு நரகம்தான்"னு சிரிச்சுக்கிட்டே எந்தக் கையால தோளைப் பிடிச்சா? அவ பொண்ணு ஷைனி இந்த வருஷம் ப்ளஸ் டூ. புருஷன் வேன் ஓட்டுறாரு, வாரத்துல நாலு நாள் வெளியூரு. ஏசியில வேர்க்குது. இது ஒருத்தி. இந்த டிவியில அண்ணாந்து பாத்தே நான் போகச் சொன்னவங்க எத்தனை பேரு? லிஸ்டைத் திறந்தா வந்துக்கிட்டே இருக்கு, பாண்டியம்மா, மெஹருன்னிஸா, சுகந்தி, செல்லத்தாயி, பக்கம் பக்கமா, எல்லாருக்கும் "ஒண்ணும் இல்ல, அடுத்த வருஷம் வாங்க." எல்லாரையும் ஒண்ணு விடாம மறுபடியும் திறக்கணும். அதுக்குள்ள ஒரு குரல், என் குரல்தான், ரொம்ப நைசா: இதை ஏன் சொல்லணும்? டெஸ்ட் படம்தானே, எழுத்துல ரிப்போர்ட் கெடையாது, கையெழுத்து கெடையாது. அழிச்சுடு. புது மானிட்டருக்குப் புது டெஸ்ட் வேணும்னு இன்னிக்கே அவளை நிக்க வை. இன்னிக்குத்தான் தெரிஞ்சதுன்னு சொல்லு. வைத்தியம் என்னமோ அதேதான், அவளுக்கு என்ன நஷ்டம்? "நல்ல வேளை டாக்டர் பாத்தாங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடுவா. கும்பிடுவாடீ, அதான் பயமா இருக்கு. விரல் டெலீட் மேல இருக்கு. எப்போ போச்சு அங்கே? பத்தொம்பது மாசமா ஒரு பட்டனை அமுக்காத விரலு, இதுக்கு மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு பாரு.

"ஐய, புது மானிட்டர் இத்துணூண்டா!" கதவைத் தோளால தள்ளிக்கிட்டு பிரகாசி வந்துட்டா. கையில ஆவி பறக்குற துண்டு, தட்டை ஒத்த எடுத்துக்கிட்டு வந்தவ, வேடிக்கை பாக்க நின்னுட்டா. விரலை எடுத்து மடியில வச்சுக்கிறேன். புது மானிட்டர்லயும் நான் பெரிசாக்கி விட்டதுல அந்த இடம் மட்டும் நிக்குது, பேரு எழுதின ஓரம் வெளியே போயிருச்சு. மூடு மங்கை. மூட முடியல. அவ சேருக்குப் பின்னால வந்து குனியுறா, அவ மூச்சு என் காதுல படுது. இருபது வருஷமா படம் எடுக்குறவ, டாக்டர் இல்லையே தவிர அவ கண்ணு சாமானியப்பட்ட கண்ணு இல்ல. "யாரு டாக்டர் இந்தப் பொம்பளை?" நான் திரையையே பாத்துக்கிட்டிருக்கேன். "இந்தப் புள்ளி ஒண்ணும் சரியில்லையே. எப்போ எடுத்தது?" "பத்தொம்பது மாசம் ஆச்சு." "அடப் பாவமே! பத்தொம்பது மாசமா யாரும் பாக்கலையா?" "பாத்தேன். நான்தான் பாத்தேன். பெரிசாக்கிப் பாக்கல. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்." சொல்லிட்டேன். அவ என்னைத் திட்டுவான்னு நெனச்சேன், திட்டினா நல்லாருக்கும்னு நெனச்சேன். அவ என் தோள்ல ஒரு தட்டுத் தட்டினா, சூடான ஈரக் கையால. "விடுங்க டாக்டர், இப்பவாவது கண்ணுல பட்டுச்சே, அதுவே அந்தப் பொம்பளை செஞ்ச புண்ணியம். இதுக்குப் போய் இப்படி வேர்த்து உக்காந்திருக்கீங்க. நம்பரைக் குடுங்க, நானே கூப்பிட்டுப் பக்குவமா சொல்றேன். நீங்க பேசினா அது பயந்து செத்துரும்." துண்டை இடது கைக்கு மாத்திக்கிட்டு, நம்பர் பாக்குறதுக்கு மவுஸைப் பிடிச்சா. தடுக்கணும்னு கை எழும்பவே இல்ல. படத்தை ஓரத்துக்கு இழுத்தா. "நம்பர் கட்டம் காலியா இருக்கே டாக்டர், இப்படி விட்டா எப்படிக் கூப்பிடுறது, யாரு இந்தக் காரியம்…" அதுக்கு மேல் வரியில பேரு, டெஸ்ட்னு இருந்துச்சு. மவுஸ் நின்னுருச்சு. நான் எழுந்து என் சேரை அவ பக்கம் திருப்பினேன். "உக்காரு பிரகாசி." அவ உக்காரல. துண்டு பிடிச்ச கையை மெதுவா மேல கொண்டு போய் இடது மார்புல வச்சுக்கிட்டு, அந்தச் சின்னத் திரையைப் பாத்து, சத்தம் வராம எண்ண ஆரம்பிச்சா.